மெனுவுக்கும் டிவ், பட்டனுக்கும் டிவ்: ஒரு பக்கத்தைப் பிரித்து அடுக்குவோம்

மிளகு ரசம் செய்முறைப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே தளத்தின் பெயரும் மெனுவும், நடுவில் செய்முறை, ஓரத்தில் ‘இதையும் சமைத்துப் பாருங்கள்’, அடியில் தொடர்பு விவரம். எல்லாவற்றையும் எச்டிஎம்எல்லின் பொதுப் பெட்டியான டிவ்விலேயே (div) போட்டு, தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸில் அழகாக்கினால் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் பார்வையற்றோருக்குப் பக்கத்தை உரக்கப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடருக்கு டிவ் என்பது பெயர் ஒட்டாத டப்பா. டிவ்வின் கிளாஸ் பண்பில் ‘மெனு’ என்று எழுதி வைத்தாலும் அது படிக்காது.

படி 1: எச்டிஎம்எல் டேக்கில் மொழியைச் சொல்லும் லேங் (lang) பண்புக்கு டி, ஏ (ta) என்ற இரண்டு எழுத்துகளைக் கொடுங்கள். டெம்ப்ளேட்டைக் காப்பி அடித்தால் அங்கே ஆங்கிலத்தின் குறியீடுதான் இருக்கும். ஸ்க்ரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழோடு மல்லுக்கட்டும்.

படி 2: பெரிய பகுதிகள். தளத்தின் பெயர் ஹெடர் (header) டேக்கில், மெனு நாவ் (nav) டேக்கில், ஓரப் பகுதி அசைடில் (aside), அடிப்பகுதி ஃபுட்டரில் (footer). செய்முறை மெயினுக்குள். கண்ணில் படும் மெயின் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். அதற்குள் ஆர்ட்டிகிள் ஒன்று: இந்தத் துண்டை மட்டும் வெட்டி வேறு இடத்தில் போட்டாலும் பொருள் புரியுமா? புரிந்தால் ஆர்ட்டிகிள். தலைப்பு வைக்கத்தக்க உட்பகுதி என்றால் செக்‌ஷன். சும்மா இரண்டு பத்தியை அருகருகே நிறுத்தவா? அதற்கு டிவ்வே போதும், அது ஒன்றும் பாவம் இல்லை.

படி 3: தலைப்புகள். ‘மிளகு ரசம்’ முதல் நிலைத் தலைப்பு, எச்1 (h1). ‘தேவையானவை’, ‘செய்முறை’ எச்2. செய்முறைக்குள் ‘பொடி அரைக்க’, ‘தாளிக்க’ எச்3. எழுத்து சிறிதாக வேண்டும் என்பதற்காக எச்2-இலிருந்து நேராக எச்4-க்குக் குதிக்காதீர்கள். அளவு சிஎஸ்எஸ்ஸின் வேலை. ஒவ்வொரு செக்‌ஷனிலும் எச்1 போடலாம், பிரவுசரே தலைப்பின் நிலையைக் கணக்குப் போட்டுக்கொள்ளும் என்று பழைய பாடங்களில் பார்க்கலாம். அந்தக் கணக்கு எந்தப் பிரவுசரிலும் முழுமையாக நடைமுறைக்கு வரவே இல்லை. 2022-இல் எச்டிஎம்எல் விதியிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

படி 4: பட்டியல்கள். மிளகு, சீரகம், புளியை எந்த வரிசையிலும் எடுத்து வைக்கலாம், எனவே எண் இல்லாத பட்டியலான யுஎல் (ul). நுரை கட்டியதும் இறக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. வரிசை முக்கியம், எனவே எண்ணிட்ட பட்டியலான ஓஎல் (ol). இரண்டிலும் நேரடியாக உள்ளே வருவது எல்ஐ (li), பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒன்று. பட்டியலைப் பத்திக்கான பி (p) டேக்குக்குள் வைத்தால், யுஎல் தொடங்கும் இடத்திலேயே பிரவுசர் பி-யை மூடிவிடும். பட்டியலுக்குப் பின் நீங்கள் எழுதிய மூடும் டேக், வெறும் பி ஒன்றை உருவாக்கும். பலர் மணிக்கணக்காகத் தேடும் ‘காரணமில்லாத இடைவெளி’ பெரும்பாலும் இதுதான்.

படி 5: சொடுக்கும் இடங்கள். வேறு முகவரிக்குப் போனால் இணைப்புக்கான ஏ (a) டேக். இந்தப் பக்கத்திலேயே ஏதாவது நடந்தால் பட்டன். ‘4 பேருக்கு மாற்று’ என்று அளவை மாற்றுவது பட்டன். டிவ்வில், சொடுக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லும் ஆன்கிளிக் (onclick) எழுதினால் மவுஸுக்கு வேலை செய்யும். டேப் கீ அங்கே நிற்காது, என்டரும் ஸ்பேஸும் எடுபடாது. பட்டனுக்கு இவை எல்லாம் இலவசம். ஒரு கண்ணி மட்டும் உண்டு: ஃபார்முக்குள் இருக்கும் பட்டன், டைப் சொல்லாவிட்டால் சப்மிட் ஆகிவிடும், சொடுக்கியதும் பக்கம் மறுபடி லோடாகி நிற்கும். டைப்பாக ‘பட்டன்’ என்றே எழுதுங்கள்.

படம், அதன் குறிப்பு இரண்டையும் ஃபிகரில் வைத்து, குறிப்பை ஃபிக்கேப்ஷனில் எழுதுங்கள். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை விவரிக்கும் ஆல்ட் (alt) தனியாக வேண்டும். குறிப்பையே திரும்ப எழுதினால் கேட்பவருக்கு ஒரே வரி இரண்டு முறை.

படி 6: சோதனை. மவுஸைத் தள்ளி வைத்து டேப் கீயால் மட்டும் பக்கத்தைக் கடந்து பாருங்கள். பிறகு விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) என்ற ஸ்க்ரீன் ரீடரை ஓடவிட்டு எச் (H) கீயை அழுத்திக்கொண்டே போங்கள்: தலைப்புகள் மட்டும் வரிசையாக ஒலிக்கும். டி (D) கீ நாவ், மெயின் போன்ற பகுதிகளுக்குத் தாவும். டி அழுத்தியும் ‘மெயின்’ காதில் விழாவிட்டால் படி 2-க்குத் திரும்புங்கள்.