உப்பு நீச்சல் குளம்: போர் தண்ணீரின் சுண்ணாம்பைச் சமாளிப்பது எப்படி

நத்தம் ரோட்டில், அழகர்மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. நடப்பதைவிட நீந்துவது நல்லது என்று டாக்டர் சொன்னதால் மகன் கொல்லையில் ஒரு குளம் கட்டிக் கொடுத்தான். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 45,000 லிட்டர். உங்கள் குளத்துக்கும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டு மோட்டார் ரூம் சுவரில் எழுதி வையுங்கள். நான் சொல்லும் எடைகள் எல்லாம் 45,000 லிட்டருக்கு.

நான் 29 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு தகட்டில் குளோரின், மறு தகட்டில் ஹைட்ரஜன் என்று போர்டில் எழுதிய அதே பாடம்தான் இந்தக் குளத்தின் செல்லுக்குள், அதாவது தண்ணீர் ஓடும் வழியில் மாட்டியிருக்கும் தகடுகள் கொண்ட கருவிக்குள், நடக்கிறது. அந்தக் குளோரின் கிருமியைக் கொன்றுவிட்டுத் திரும்ப உப்பாகவே மாறிவிடும். அதனால் உப்பு தீர்ந்து போவதில்லை. தண்ணீர் வெளியே போனால்தான் உப்பும் போகும்: ஃபில்டரைக் கழுவும்போது, மழையில் வழியும்போது, பேரப்பிள்ளைகள் குதிக்கும்போது.

உப்பு போடும் முன் தண்ணீரில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மதுரைப் பக்கம் போர் தண்ணியையே ‘உப்புத் தண்ணி’ என்றுதானே சொல்கிறோம். எங்கள் போரில் 700 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 700 மில்லிகிராம், இருந்தது. எங்கள் செல்லுக்கு வேண்டியது 3200. குறைவது 2500, அதாவது ஆயிரம் லிட்டருக்கு இரண்டரைக் கிலோ. மொத்தம் 112 கிலோ. உங்கள் மிஷின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி பக்கத்தில்தானே இருக்கிறது என்று கல்லுப்பு மூட்டையை இறக்க வேண்டாம். குளம் கட்டியவர்கள் எங்களுக்கு அதைத்தான் கொட்டினார்கள். கால்சியம், மெக்னீசியம், மண் எல்லாம் கூடவே வந்து ரெண்டு நாள் குளம் கலங்கிக் கிடந்தது. அயோடின் சேர்க்காத, சுத்திகரித்த தூள் உப்பாக வாங்குங்கள்.

உப்பைப் பற்றி இவ்வளவு போதும். மதுரையில் குளம் வைத்திருப்பவர்களை உண்மையில் படுத்துவது சுண்ணாம்பு.

சித்திரை வெயிலில் எங்கள் குளம் ஒரு நாளைக்கு முக்கால் சென்டிமீட்டர் இறங்குகிறது. அது 240 லிட்டர். அதை ஈடுகட்டப் போரைத் திறந்து விடுகிறோம். எங்கள் போரின் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவு, 450 பிபிஎம். ஆவியாவது வெறும் தண்ணீர்தான். அதிலிருந்த சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடும். கணக்குப் பார்த்தால் தினமும் 2.4 பிபிஎம் ஏறும், மூன்று மாதத்தில் 200க்கு மேல். முதல் வருஷம் பங்குனியில் 250 இருந்த அளவு ஆனியில் 460 ஆகிவிட்டது. குளோரின் திடீரென்று குறைந்தது. செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தகடுகளுக்கு இடையே வெந்நீர்ப் பானையின் அடியில் படிவது போல வெள்ளைக் காரை அடைத்துக்கொண்டு, மறுபக்கம் விரல் வைத்தால் தெரியவில்லை.

இதைத் தடுக்கப் பிஎச்சை, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவை, பிடித்து வைக்க வேண்டும். செல்லில் வரும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுவதால் உப்புக் குளத்தில் பிஎச் தானாகவே ஏறிக்கொண்டே இருக்கும். ஏற ஏறச் சுண்ணாம்பு படியும். தோட்ட வேலைக்கு வரும் தம்பி ஒருநாள் கேட்டான், “டீச்சர், தண்ணி பளிங்கு மாதிரிதான இருக்கு, அப்புறம் எதுக்கு ஆசிட்டு?” பளிங்கு மாதிரி இருக்கும்போதே பிஎச் 8.2 இருக்கலாம் என்று சோதித்தே காட்டினேன்.

வாரம் இரண்டு முறை, சாயங்காலம் பாருங்கள். முழங்கை முழுகும் ஆழத்தில், தண்ணீர் உள்ளே வரும் குழாயிலிருந்து தள்ளி, குப்பியில் பிடிக்க வேண்டும். பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் ஃபீனால் ரெட் சாயம் ஐந்து சொட்டு விட்டு வெள்ளைச் சுவருக்கு நேராகப் பிடியுங்கள். தக்காளி ரசத்தின் தெளிவு போல இருந்தால் 7.5 பக்கம், சரி. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல இளஞ்சிவப்பாகப் போனால் ஆசிட் நேரம் வந்துவிட்டது. நான் 7.8ஐத் தொட்டதும் போட்டுவிடுவேன்.

கெமிக்கல் கடையில் கிடைக்கும் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அரை லிட்டர் போதும். வாளியில் முதலில் தண்ணீர், அதன் மேல் ஆசிட். ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பம்ப் ஓடும்போது, ஆழமான பக்கம் நடந்துகொண்டே மெதுவாக ஊற்றுங்கள். நாலு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஆசிட் கேன் இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு.

காரத்தன்மை, அதாவது ஆசிட்டை ஏற்றுச் சமன்செய்யும் தண்ணீரின் திறன், 60 முதல் 80 பிபிஎம் வரை இருக்கட்டும். சாதாரணக் குளத்துக்குச் சொல்லும் 100, 120 நமக்கு வேண்டாம். அது அதிகமானால் பிஎச் இன்னும் வேகமாக ஏறும். 60க்குக் கீழே இறங்கினால் ஆப்ப சோடா: 750 கிராமுக்கு 10 பிபிஎம் ஏறும்.

வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் இருக்க சயனூரிக் ஆசிட் வேண்டும். 60 பிபிஎம்முக்கு 2.7 கிலோ. சீக்கிரம் கரையாது, பழைய சாக்ஸில் கட்டி, தண்ணீர் வரும் குழாய்க்கு முன்னால் தொங்கவிட்டு அவ்வப்போது பிசைந்து விடுவேன். அப்புறம் குளோரினை 3 முதல் 4 பிபிஎம்முக்குள் வைத்துக்கொண்டால் பாசி வராது. அதற்குச் சித்திரையில் செல் பத்து மணி நேரம் ஓட வேண்டியிருக்கிறது, மார்கழியில் ஐந்து போதும்.

காரை படிந்துவிட்டால் கரண்டை அணைத்து, செல்லைக் கழற்றி, நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட் கலந்து அதில் வையுங்கள். பொங்குவது நின்றதும் எடுத்துவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கத்தியால் சுரண்டினால் தகட்டின் பூச்சு போய்விடும், செல் வாங்குகிற விலைக்கு அது தாங்காது.

குளத்தில் ஏறிவிட்ட சுண்ணாம்பை இறக்க மருந்து இல்லை. தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். அதற்கு எங்களிடம் இருக்கும் நல்ல தண்ணி மழைதான். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மொட்டை மாடியில் போட்ட குழாயில் ஒரு கிளையைக் குளத்துக்குத் திருப்பியிருக்கிறேன். ஐப்பசியின் முதல் மழையை வெளியே விட்டு மாடியைக் கழுவிவிட்டு, அடுத்த மழையிலிருந்து உள்ளே விடுவோம். குளம் வழிந்தாலும் விடுவேன். போன கார்த்திகைக்குள் கடினத்தன்மை 280க்கு வந்தது. 200க்குக் கீழே மட்டும் போகவிடாதீர்கள், டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்டைத் தண்ணீர் அரிக்க ஆரம்பிக்கும். மழை நாளில் மிஷினில் உப்பு குறைவு என்று விளக்கு எரிந்தால் உடனே மூட்டையைப் பிரிக்க வேண்டாம். மழை ஓய்ந்ததும் ஒரு நாள் முழுக்க பம்பை ஓட்டி, சோதித்து, குறைந்த அளவை மட்டும் போடுங்கள்.