வழிகாட்டுப் பலகையில் ஊர்ப்பெயரை மாற்றுவது எப்படி

வரைந்து முடித்த வழிகாட்டுப் பலகையில் ஒரு ஊர்ப்பெயரை மாற்றவோ, புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ வேண்டியிருக்கிறது. சின்ன வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் கீசைன், சைன்கேட் போன்ற, பலகை வரையும் மென்பொருள்களில் பலகை வெறும் படம் இல்லை, அது ஒரு கணக்கு. ஓர இடைவெளி, அம்பின் பருமன், வரிகளுக்கு நடுவே விடும் இடம், பலகையின் நீள அகலம் எல்லாம் எழுத்தின் உயரத்திலிருந்தே வருகின்றன. அந்தக் கணக்கு கலையாமல் திருத்த வேண்டும்.

முதலில் ஃபைலை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய், பலகை எந்த நாட்டு விதிப்படி வரையப்பட்டது, அலகு மில்லிமீட்டர்தானா என்று பாருங்கள். பிரிட்டிஷ் முறையில் எழுத்தளவு என்பது சிறிய எழுத்தான எக்ஸின் உயரம். அமெரிக்க முறையில் அது பெரிய எழுத்தின் உயரம், சிறிய எழுத்து அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 150 என்று கொடுத்தால், முதல் முறையில் பெரிய எழுத்து 210 மி.மீ. உயரம் வரும், இரண்டாவதில் 150 மி.மீ.தான். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சாலையில் நிறுத்திய பிறகுதான், ஓட்டுநர் வெகு அருகில் வந்தால்தான் படிக்க முடிகிறது என்பது தெரியவரும்.

பிரிட்டிஷ் முறையையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் உயரத்தில் நாலில் ஒரு பங்கு ஒரு கோட்டு அலகு. எக்ஸ் உயரம் 150 மி.மீ. என்றால் அலகு 37.5 மி.மீ. பக்க ஓரத்துக்கு 2.5 அலகு, அதாவது 93.75 மி.மீ. ஒவ்வொரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் உயரம் 8 அலகு, 300 மி.மீ. இந்தக் கட்டங்களைத் திரையில் காட்டும் வசதி இருந்தால் திருத்தி முடிக்கும்வரை அதை அணைக்காதீர்கள். எங்கே இடிக்கிறது என்பதைக் கட்டம்தான் காட்டிக்கொடுக்கும்.

இனி பெயரை மாற்றலாம். எழுத்துத் தொகுதியை இருமுறை சொடுக்கி, திறக்கும் பெட்டிக்குள் புதிய பெயரைத் தட்டுங்கள். பலகையை எக்ஸ்ப்ளோட் செய்து கோடு கோடாகப் பிரித்துத் திருத்தவே கூடாது. பிரித்துவிட்டால் அது வெறும் கோடுகளாகிவிடும், அடுத்த முறை எழுத்தளவை மாற்றினால் எதுவும் தானாக நகராது.

புதிய பெயர் நீளமாக இருந்தால் பலகை அகலும், அகலட்டும். இடமில்லை என்றால் பெயரைச் சொல் முறியும் இடத்தில் இரண்டு வரியாக்குங்கள். எழுத்தை அகலவாக்கில் அமுக்குவது, எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடத்தைக் கையால் குறைப்பது இரண்டும் வேண்டாம். எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து வந்தால் எவ்வளவு இடம் என்று விதியே சொல்லியிருக்கிறது. அமுக்கிய எழுத்தில் அதற்குள் இருக்கும் வெற்றிடம் சுருங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் கரும்புள்ளியாகத் தெரியும்.

சந்திப்பில் பிரியும் பாதைகளைப் படமாகக் காட்டும் வரைபட வடிவப் பலகையில் பெயர் நீண்டால் அம்பின் கிளையில் போய் மோதும். அப்போது பெயரைத் தள்ளாதீர்கள், கிளையின் நீளத்தைக் கூட்டுங்கள். தொகுதியை மௌஸால் இழுத்து வைத்தால், பக்கத்துத் தொகுதியோடு அதற்கிருந்த பிணைப்பு அறுந்துபோகும்.

தமிழும் சேர்ந்த இருமொழிப் பலகை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். லத்தீன் எழுத்துக்கு என்று வைத்த வரி இடைவெளியில், மேல் வரியின் 'பூ', 'கு' கீழே இறங்கியும் கீழ் வரியின் 'தி', 'நீ' மேலே ஏறியும் ஒன்றையொன்று தொடும். ஆகவே தமிழ் வரிகளுக்கு இடைவெளியைத் தனியாகக் கூட்டிக் கொடுங்கள். கேட் (கணினி வரைபட) மென்பொருள்களின் பழைய எழுத்துருக்களில் இன்னொரு தொல்லை, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். 'கொ', 'தே', 'பை' மூன்றையும் தட்டிப் பாருங்கள். சரியாக வரவில்லை என்றால், தமிழைச் சரியாகக் கோக்கும் வேறு மென்பொருளில் எழுதி, வெளிக்கோடாக மாற்றி, சின்னமாகக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு எழுத்தாகத் திருத்த முடியாது என்பதால் மூலத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பின்னணி நிறத்தை மாற்றினால் எழுத்துருவும் மாற வேண்டும். ஒளியைத் திருப்பும் வெள்ளை எழுத்து இரவில் விளக்கு பட்டதும் தடித்துத் தெரியும். அதனால்தான் பிரிட்டிஷ் சாலைப் பலகைகளின் எழுத்துருவான டிரான்ஸ்போர்ட்டில், அடர்நிறப் பின்னணிக்கு டிரான்ஸ்போர்ட் மீடியமும், வெளிர்பின்னணியில் கறுப்பு எழுத்துக்குத் தடித்த டிரான்ஸ்போர்ட் ஹெவியும் வைத்தார்கள். மென்பொருள் இதைத் தானாகச் செய்துவிட்டது என்று நம்பிவிடாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதிகம் மறந்துபோவது கம்பம். 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள பலகையில் எழுத்தை 100 மி.மீ.யிலிருந்து 150 ஆக்கினால், பலகை 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் ஆகும். பரப்பு 2 சதுர மீட்டரிலிருந்து 4.5 ஆகிறது. காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன், பலகையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டர் என்று வைத்தால், கம்பத்தின் அடியில் விழும் வளைதிருப்பம் (கம்பத்தை வளைக்கப் பார்க்கும் தாக்கம்) 5.2 கிலோநியூட்டன் மீட்டரிலிருந்து 12.8 ஆக ஏறுகிறது. ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பழைய கம்பமும் அஸ்திவாரமும் தாங்குமா என்று கணக்கிடாமல் எழுத்தளவை உயர்த்தாதீர்கள்.

எழுத்துகளைத் தாளில் வெட்டி எடுக்க அனுப்பும் முன் அவற்றை வெளிக்கோடாக மாற்றி, ஒன்றுக்கு ஒன்று அளவில் டிஎக்ஸ்எஃப் என்ற வரைபட ஃபைலாக ஆக்குங்கள். அந்த ஃபைலைத் திரும்பத் திறந்து, ஒரு பெரிய எழுத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் தாளை வெட்டும் இயந்திரமான பிளாட்டரின் கத்தி அதே இடத்தை இரண்டு முறை அறுத்து அடித்தாளையும் கிழித்துவிடும். பிரதிபலிப்புத் தாள் பெரும்பாலும் 1.22 மீட்டர் அகலச் சுருளாக வருகிறது. பலகை அதைவிடப் பெரிது என்றால், ஒட்டு எழுத்தின் நடுவே ஓடாதபடி அதன் இடத்தைப் படத்திலேயே குறித்துவிடுங்கள். சிலவகைத் தாள்களைத் திருப்பி ஒட்டினால் இரவில் ஒரு துண்டு மங்கலாகவும் மற்றது பளிச்சென்றும் தெரியும் என்பதால், தாள் ஓடும் திசையையும் அம்புக்குறியால் காட்டுங்கள்.