பிள்ளைகளுக்கான 20 ஓவர் கிரிக்கெட் போட்டி: விதித்தாள் எழுதுவது எப்படி?

கோடை விடுமுறை வந்தால் ஊருக்கு ஊர் ஒரு டோர்னமென்ட் கிளம்பிவிடும். கோப்பை வாங்குவது, பேனர் அடிப்பது, சிறப்பு விருந்தினரைப் பிடிப்பது எல்லாம் ஜரூராக நடக்கும். விதிகள் மட்டும் 'அதெல்லாம் இன்டர்நேஷனல் ரூல்ஸ்தான்' என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். அப்புறம் மூன்றாம் நாள் மைதானத்துக்குள் ஆள் இறங்கி நிற்பார்கள். பையன்கள் அல்ல; அப்பாக்களும் கோச்சுகளும்.

முதல்முறையாகப் போட்டி நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். 14 வயதுக்கு உட்பட்டோர், 8 அணிகள், ஒரே மைதானம், லெதர் பால், 20 ஓவர் என்று வைத்துக்கொள்வோம். எதற்கெல்லாம் அவுட் என்று நீங்கள் புதிதாக எழுத வேண்டாம், அதற்கு எம்.சி.சி. (லண்டனின் மெரில்போன் கிரிக்கெட் கிளப்) வகுத்த சட்டங்கள் இருக்கின்றன. 'இந்தத் தாளில் சொல்லாத எல்லாவற்றுக்கும் எம்.சி.சி. சட்டமே பொருந்தும்' என்று முதல் வரியைப் போட்டுவிடுங்கள். அந்தச் சட்டம் பேசாத இடங்களையும், சின்னப் பிள்ளைகளுக்காக அதை மாற்றும் இடங்களையும் மட்டும் எழுதினால் போதும். இரண்டு பக்கம். அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

படி 1: வயதை முதலில் பூட்டுங்கள்

'14 வயதுக்கு உட்பட்டோர்' என்று மட்டும் எழுதினால் அது விதி ஆகாது. எந்தத் தேதியில் 14? பி.சி.சி.ஐ. தன் வயதுப் பிரிவுகளுக்கு செப்டம்பர் 1-ஐக் கணக்காக வைத்திருக்கிறது. நீங்களும் அதையே வைக்கலாம், அல்லது வேறு ஒரு தேதி. எதுவானாலும் நாள், மாதம், வருடம் மூன்றையும் அச்சில் போடுங்கள்.

ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் பிறந்த தேதிக்குக் கீழே பதிவு செய்த தேதி என்று ஒன்று இருக்கும். பிறந்த வருடமே பதிவாகியிருந்தால் பிரச்சினை இல்லை. எட்டு, ஒன்பது வருடம் கழித்துப் பதிவாகியிருந்தால் பள்ளிப் பதிவையும் சேர்த்துப் பாருங்கள். பி.சி.சி.ஐ. மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. ஊர்ப் போட்டிக்கு அதெல்லாம் வேண்டாம். மீசை முளைத்துவிட்டது என்று ஒரு பையனை எல்லார் முன்னாலும் நிறுத்தி விசாரிப்பதும் வேண்டாம். சான்றிதழ் சரிபார்ப்பது முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஓர் அணிக்கு 15 பேர்; பட்டியல் கொடுத்த பிறகு மாற்றம் கிடையாது; ஒருவர் ஓர் அணிக்கு மட்டுமே. பெண் பிள்ளைகளும் ஆடலாம் என்று ஒரு வரி சேருங்கள். எழுதாவிட்டால் யாரும் கேட்கவே மாட்டார்கள்.

படி 2: அட்டவணை

எட்டு அணிகளை இரண்டு குரூப்பாகப் பிரித்தால் ஒரு குரூப்பில் 6 ஆட்டம், மொத்தம் 12. இரண்டு செமி, ஒரு ஃபைனல் சேர்த்து 15. நாளுக்கு இரண்டு ஆட்டம் என்றால் நான்கு வார இறுதிகள் வேண்டும்.

ஓர் ஓவருக்கு நாலேகால் நிமிடம் வையுங்கள். 20 ஓவருக்கு 85 நிமிடம். இரண்டு இன்னிங்ஸும் 15 நிமிட இடைவேளையும் சேர்ந்தால் மூன்று மணி ஐந்து நிமிடம். மே மாதத்தில் காலை 6.45-க்குத் தொடங்கினால் 9.50-க்கு முடியும், அடுத்தது மாலை 3 மணிக்கு. கத்திரி வெயிலில் 11 மணி ஆட்டம் வைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஐந்து ஓவருக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். எந்த அணிக்கும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வேண்டாம்.

தாமதமாக வரும் அணிக்கு 15 நிமிடம் சலுகை. அதற்குப் பிறகு ஒவ்வொரு 4 நிமிடத்துக்கும் அந்த அணி பேட் செய்யும்போது ஓர் ஓவர் குறையும், 30 நிமிடம் ஆனால் வாக்ஓவர், அதாவது ஆடாமலே எதிரணிக்கு வெற்றி. 'வேன் பஞ்சர் சார்' என்ற போன் நிச்சயம் வரும். தாளில் இருந்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: பந்தும் மைதானமும்

பெரியவர்களின் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். 13 வயதுக்கு உட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம் வரை உள்ள சின்னப் பந்தை எம்.சி.சி. சட்டம் சொல்கிறது. உங்கள் போட்டி 12 வயதுக்கு உட்பட்டோருக்கு என்றால் சின்னப் பந்தே வாங்குங்கள்; பிட்ச்சையும் 22 கஜத்திலிருந்து 20 ஆகக் குறையுங்கள். 14-க்கு 22 கஜம் சரி. பவுண்டரி 45 முதல் 50 மீட்டர். பாய் விரித்த மேட் விக்கெட் என்றால் ஆணிகள் முழுக்க இறங்கியிருக்கின்றனவா என்று அம்பயர் டாஸுக்கு முன் நடந்து பார்க்க வேண்டும்.

படி 4: ஒரு பையனே முழுக்க ஆடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்த வயதில் ஒருவன் ஐந்தரை அடி வளர்ந்திருப்பான், இன்னொருவனுக்கு பேட் இடுப்புக்கு வரும். பெரியவர்கள் கணக்குப்படி ஒரு பவுலருக்கு மொத்த ஓவரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4. அப்படி விட்டால் ஐந்து பேரே 20 ஓவரையும் முடித்துவிடுவார்கள். மீதி ஆறு பேர் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஆகவே ஒருவருக்கு அதிகபட்சம் 3 ஓவர் என்று எழுதுங்கள். ஆறு பேர் போட்டாலும் 18 ஓவர்தான் ஆகும், ஏழாவது பவுலரைத் தேடியே ஆக வேண்டும். கேப்டன் முதல் நாள் முனகுவான். இரண்டாம் நாளே அவன் அணியில் ஒரு லெக் ஸ்பின்னர் இருப்பது அவனுக்குத் தெரியவரும்.

பேட்டிங்கில், 35 ரன் தொட்டதும் ரிட்டயர். இதை எழுதும்போது கவனம் வேண்டும். சட்டப்படி, காயமோ உடல்நலக் குறைவோ தவிர்க்க முடியாத காரணமோ இல்லாமல் ரிட்டயர் ஆனவர் திரும்ப ஆட எதிரணி கேப்டனின் சம்மதம் தேவை, இல்லாவிட்டால் அவுட். ஆகவே, 'இவ்வாறு ரிட்டயர் ஆனவர் நாட் அவுட். மற்ற எல்லாரும் ஆட்டமிழந்த பின், ரிட்டயர் ஆன வரிசையிலேயே திரும்ப வரலாம்' என்று முழுதாக எழுதுங்கள். 34-ல் இருக்கும்போது சிக்ஸர் அடித்தால் அந்த 6-ம் சேரும், 40-ல் வெளியே. செமியிலும் ஃபைனலிலும் இந்த வரம்பை நீக்கிவிடலாம். நான் நீக்கத்தான் சொல்வேன்.

படி 5: வைடு, நோ பால், நான் ஸ்ட்ரைக்கர்

சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் நேரத்தை விழுங்குவது வைடுதான். 12 வயதுக்குள் என்றால் வைடுக்கு 2 ரன், மறுபந்து கிடையாது, கடைசி ஓவரில் மட்டும் மறுபந்து. 14-க்கு ஒரு ரன், மறுபந்து. ஆனால் ஓர் ஓவரில் 8 பந்துக்கு மேல் போகாது. அந்த 8 பந்தும் கணக்கில் ஓர் ஓவர்தான் என்று ஸ்கோரரிடம் சொல்லிவிடுங்கள்.

தரையில் படாமல் இடுப்புக்கு மேல் வரும் ஃபுல் டாஸ் நோ பால். அது ஆபத்தானது என்று அம்பயர் நினைத்தால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை அந்த இன்னிங்ஸில் பந்து வீச முடியாது. இது சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வியர்த்த கையால் நழுவியது என்று வாதாடுவார்கள் என்பதால் தாளிலும் எழுதுங்கள்.

நான் ஸ்ட்ரைக்கர், அதாவது பவுலர் முனையில் நிற்கும் ஆட்டக்காரர், முன்கூட்டியே ஓடினால் பவுலர் ரன் அவுட் ஆக்குவது பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். 2019 ஐ.பி.எல்-இல் அஸ்வின் பட்லரை அப்படி அவுட் ஆக்கியதை இன்னும் டீக்கடையில் பேசுகிறார்கள். 2022-இல் எம்.சி.சி. இதை முறையற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் பகுதியிலேயே சேர்த்துவிட்டது. எச்சரிக்கை தர வேண்டும் என்று தனி விதி எதுவும் வேண்டாம். கிரீஸுக்குள் பேட்டை வைத்திருக்கப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

படி 6: பாதுகாப்பில் சலுகை இல்லை

பேட் செய்பவருக்கு ஹெல்மெட், அப்டமன் கார்டு, கிளவுஸ், காலில் கட்டும் பேட் கட்டாயம்; ஸ்டம்புக்குப் பக்கத்தில் நிற்கும் கீப்பருக்கும் ஹெல்மெட். இல்லாதவர் இறங்கக் கூடாது, இரவல் வாங்கினாலும் சரி. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 15 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஃபீல்டர் யாரும் ஸ்டம்பிலிருந்து 8 கஜத்துக்குள் நிற்கக் கூடாது என்கிறது; 13-க்கு உட்பட்டோருக்கு 11 கஜம். ஸ்லிப், கல்லி மாதிரி ஆஃப் சைடில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தலையில் பந்து பட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. 'எனக்கு ஒண்ணுமில்ல சார்' என்று பையன் சொல்வதை ஏற்கக் கூடாது. பதிலுக்கு வருபவர் பேட்டும் செய்யலாம், பந்தும் வீசலாம். ஐ.சி.சி. இப்படி மாற்று வீரரை 2019 முதல் அனுமதிக்கிறது. இடி சத்தம் கேட்டாலே மைதானத்தைக் காலி செய்யுங்கள்.

படி 7: மழை

தமிழ்நாடு பிரீமியர் லீகில் (டி.என்.பி.எல்.) மழைக் கணக்குக்கு வி.ஜே.டி. முறையைப் பயன்படுத்துகிறார்கள், திருச்சூர்ப் பொறியாளர் ஜெயதேவன் உருவாக்கியது. உங்களுக்கு அது தேவையில்லை, சராசரி ரன் ரேட் போதும். முதல் அணி 20 ஓவரில் 128. மழையால் அடுத்த அணிக்கு 12 ஓவர்தான் என்றால் 6.4 பெருக்கல் 12, அதாவது 76.8. ஜெயிக்க 77. பவுலர் வரம்பு 2 ஓவராகும்.

இது சேஸ் செய்யும் அணிக்குச் சாதகம்தான். 12 ஓவருக்குப் பத்து விக்கெட் கையில் இருக்கிறதே. அந்தக் குறையைத் திருத்தப் போய்த்தான் 1992 உலகக்கோப்பையில், முதல் அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழிக்கும் வேறொரு முறை கொண்டுவந்தார்கள். சிட்னி அரையிறுதியில் 13 பந்தில் 22 ரன் என்றிருந்த தென்னாப்பிரிக்கா, மழை விட்டுத் திரும்பியபோது ஸ்கோர் போர்டு 1 பந்தில் 22 என்று காட்டியது. எளிய முறையின் குறை எல்லாருக்கும் தெரிந்த குறை, அது பரவாயில்லை. இரு அணியும் குறைந்தது 8 ஓவர் ஆடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு புள்ளி. ஃபைனலுக்கு மட்டும் மாற்று நாள் குறித்துவையுங்கள்.

படி 8: புள்ளியும் நெட் ரன் ரேட்டும்

வெற்றிக்கு 2, டை அல்லது முடிவில்லை என்றால் 1. புள்ளி சமமானால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகு நெட் ரன் ரேட். இங்கேதான் எல்லா ஊரிலும் கணக்கு தப்புகிறது.

அடித்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுத்து, அதிலிருந்து கொடுத்த மொத்த ரன்னை வீசிய மொத்த ஓவரால் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். லீக் முழுவதையும் கூட்டித்தான் வகுக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் போட்டுச் சராசரி எடுக்கக் கூடாது. ஓர் ஆட்டத்தை வைத்துப் பார்ப்போம். அணி 17.2 ஓவரில் 126-க்கு ஆல் அவுட். எதிரணி 15.3 ஓவரில் 127.

ஆல் அவுட் ஆனால் முழு 20 ஓவரும் ஆடியதாகவே கணக்கு. 126-ஐ 20-ஆல் வகுத்தால் 6.30. அடுத்தது 15.3. இது 15 ஓவரும் 3 பந்தும், அதாவது பதினைந்தரை. கால்குலேட்டரில் 15.5 என்று அடிக்க வேண்டும். 127-ஐ 15.5-ஆல் வகுத்தால் 8.19. நெட் ரன் ரேட் மைனஸ் 1.89. ஆல் அவுட் விதியை மறந்து 17.2 ஓவரையே எடுத்தால் மைனஸ் 0.92 வரும். செமிக்குப் போகும் அணியே மாறிவிடும். வாக்ஓவர் ஆட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசி லீக் ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, யாருக்கு எத்தனை ஓவரில் எத்தனை ரன் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். 2023 ஆசியக் கோப்பையில், லாகூரில், இலங்கைக்கு எதிராக ஆப்கானிஸ்தான் 37.1 ஓவரில் 292 எடுத்தால் அடுத்த சுற்று. அந்தப் பந்தில் விக்கெட் போய் 289-ல் நின்றார்கள், கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 37.4 ஓவருக்குள் 295 எடுத்தாலும் போதும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசி ஆட்டக்காரர் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தார், 2 ரன்னில் ஆட்டமும் போனது. சர்வதேச அணிக்கே அப்படி என்றால் உங்கள் ஊர்ப் பையன்களிடம் மனக்கணக்கை எதிர்பார்க்காதீர்கள்.

படி 9: டை

லீக்கில் புள்ளியைப் பகிர்ந்து கொடுங்கள். செமியில் சூப்பர் ஓவர் (அணிக்கு ஒரே ஓவர்), அதுவும் சமமென்றால் இன்னொன்று. ஃபைனல் டை ஆனால் கோப்பையை இரு அணிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். பவுண்டரி எண்ணி ஜெயித்தவரைச் சொல்லும் முறையை 2019 உலகக்கோப்பை இறுதிக்குப் பிறகு ஐ.சி.சி.யே கைவிட்டுவிட்டது.

படி 10: அம்பயர், ஸ்கோரர், புகார்

அம்பயர்கள் இரு அணியையும் சேராதவர்களாக இருக்க வேண்டும். அணிக்கு ஒரு ஸ்கோரர்; இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓவருக்கு ஓவர் ஒத்துப் பார்க்க வேண்டும். அம்பயர் கையைக் காட்டினால் ஸ்கோரர் பதிலுக்குக் கையை உயர்த்தும்வரை அடுத்த பந்து கிடையாது.

அம்பயர் கொடுத்த எல்.பி.டபிள்யூ., கேட்ச் முடிவுகள் மீது புகார் ஏற்கப்படாது. வயது, ஓவர் கணக்கு, விதி மீறல் இவற்றுக்கு மட்டும், ஆட்டம் முடிந்து 30 நிமிடத்துக்குள், அணி மேலாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று பேர் குழு அன்றைக்கே முடிவு சொல்லும். அதில் ஒருவர் அந்த இரு அணிகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருந்தால் அவருக்குப் பதில் இன்னொருவர். இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட்ட ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்து, அன்று இரவே புள்ளிப் பட்டியலோடு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். திருத்தம் இருந்தால் மறுநாள் காலை டாஸுக்கு முன் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு அந்த ஷீட்தான் கணக்கு.