சூடான என்ஜின் மீண்டும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பழுதைக் கண்டறியும் முறை

காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும் பெட்ரோல் கார், நெடுந்தூரம் ஓடி நின்ற பத்து நிமிடத்தில் கிளம்ப மறுத்து, ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடினால், மெக்கானிக்கின் முன் கொண்டுபோய் நிறுத்தும்போது பழுது தென்படாது. எனவே சோதனைகள் அனைத்தையும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் அந்தச் சூட்டிலேயே செய்ய வேண்டும். அதற்காக ஒரு மல்டிமீட்டரையும், என்ஜின் கணினியின் தகவல்களைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரையும் வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. என்ஜினை அணைத்ததும் கூலன்ட் ஓட்டமும் எதிர்க்காற்றும் நின்றுவிடுவதால், பானெட்டுக்குள் இருக்கும் பாகங்களின் சூடு சிறிது நேரம் ஏறவே செய்யும். ஓடும்போது தலைகாட்டாத கோளாறு நிறுத்திய பின் வருவது இதனால்தான்.

முதலில் செல்ஃப் சுற்றுகிறதா என்று பாருங்கள். ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தாலோ மந்தமாகச் சுற்றினாலோ பெட்ரோலையும் சென்சாரையும் ஆராய வேண்டியதில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் மின்னழுத்தம் சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியைச் சோதியுங்கள். அது இறங்காமல் இருந்தும் மோட்டார் திணறினால், டெர்மினல், எர்த் வயர், சைலன்ஸர் குழாயின் சூட்டில் வாடும் ஸ்டார்ட்டர் சோலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால், என் முதல் சந்தேகம், என்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சார் மீதுதான். அதனுள் இருக்கும் சுருளின் மெல்லிய கம்பியில் விரிசல் இருந்தால், சூட்டில் தொடர்பு விட்டுப்போய் ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். சிக்னல் வராவிட்டால் என்ஜின் சுற்றுவதே, அதை இயக்கும் கணினியான இசியுவுக்குத் தெரியாது. பொறியும் வராது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் திறக்காது. ஸ்கேனரில் ஆர்பிஎம் அளவைத் திறந்துவைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பொதுவாக இருநூறு அளவில் காட்ட வேண்டிய இடத்தில் பூஜ்யமே நின்றால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு சாவியை அணைத்துவிட்டு, சென்சார் மீது ஈரத்துணியைச் சில நிமிடங்கள் போட்டு, எடுத்த பின் முயலுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் குற்றவாளி ஏறக்குறைய அகப்பட்டதுபோலத்தான். இரண்டு வயர் உள்ள காந்தச்சுருள் வகையாக இருந்தால், சூட்டில் மின்தடையை அளந்து உறுதிசெய்யலாம். சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லு உள்ள மூன்று வயர் ஹால் வகைக்கு அந்த அளவு எதையும் சொல்லாது. புதியதை வாங்கும் முன் கனெக்டரில் எண்ணெயோ பச்சைக் களிம்போ படிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும் என்பதால் கை அதன் பக்கம் போகக் கூடாது.

ஆர்பிஎம் சரியாக வந்தால், அதே ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். கொதிக்கிற என்ஜினுக்கு 20 டிகிரி என்று காட்டினால், குளிர்ந்த என்ஜின் என்று நம்பி இசியு பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது; பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடிக்கும். ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் பெட்ரோல் தடைபடும். அப்படிக் கிளம்பினால் கூலன்ட் வெப்பநிலை சென்சாரையோ கசியும் இன்ஜெக்டரையோ தேடுங்கள்.

இதற்கு நேர்மாறாகப் பெட்ரோல் வந்துசேராமலும் இருக்கலாம். செல்ஃப் அடிக்காமல் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து அணையுங்கள். ஒவ்வொரு முறையும் டேங்க்கிலிருந்து ஓரிரு விநாடி பம்ப் சத்தம் கேட்டு, அதன் பின் வண்டி கிளம்பினால், குழாயில் அழுத்தம் நிற்காமல் வடிகிறது. சத்தமே இல்லையென்றால், பம்ப்பை மாற்றும் முன் அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை, அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயுடன் இடம்மாற்றிப் பாருங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய அம்பாசடர் போன்றவற்றில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகித் தடைபடுவதுண்டு. ஃபியூயல் பம்ப் மீது ஈரத்துணி போடும் பழைய வழக்கம் அதற்காகவே.

பாகத்தை மாற்றிய பின், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆனதை வைத்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். என்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, முன்பு மறுத்த அதே இடைவெளி விட்டு, மீண்டும் செல்ஃப் அடித்துப் பாருங்கள்.