தங்கை தள்ளிய கால்

இடது பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கும் வலியோடு மூன்று வாரம் அவதிப்பட்டேன். பிட்டத்தின் ஆழத்தில் உள்ள பிரிஃபார்மிஸ் தசை இறுகி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பை நெருக்குகிறது என்றார் இயன்முறை மருத்துவர்.

அந்தத் தசையைத் தளர்த்த நானே என் காலை இழுத்தபோது தோளும் கழுத்தும்தான் விறைத்தன. தங்கை உதவிக்கு வந்த பிறகே மாற்றம் தெரிந்தது. பாயில் மல்லாந்து படுப்பேன். அவள் என் இடது முழங்காலை மடக்கி, வலது தோளை நோக்கி மெல்லத் தள்ளுவாள். பிட்டத்தில் இழுவை தெரிந்ததும் "போதும்" என்பேன். அங்கேயே 30 விநாடி. பிறகு அவள் கையை எதிர்த்து 5 விநாடி லேசாக அழுத்துவேன். மூச்சை விட்டுத் தளர்ந்தால், கால் இன்னும் சற்றுத் தாராளமாக மடங்கும். இந்த எதிர் அழுத்தம்தான் எனக்குப் பலித்தது. காலையும் மாலையும் 3 முறை செய்தோம்.

ஒரு நாள் ஆர்வத்தில் கூடுதலாகத் தள்ளிவிட்டாள். பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது. இரண்டு நாள் நிறுத்தினோம். இழுவை பிட்டத்தோடு நிற்க வேண்டும், வலி காலுக்குள் ஓடக் கூடாது. தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ இதை முயலவே வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறாவது வாரம், பஸ்ஸில் 2 மணி நேரம் உட்கார்ந்து ஊருக்குப் போய்வந்தேன்.