கனடால இருக்கற கணவர் இல்ல மனைவி கிட்ட போய்ச் சேர பி.ஆர் அப்ளை பண்றது எப்படி (தமிழ்நாட்டுலேர்ந்து போறவங்களுக்கு)

உங்க கணவரோ மனைவியோ கனடால சிட்டிசனாவோ பி.ஆராவோ (அங்க நிரந்தரமாத் தங்கற அனுமதி வாங்கினவர்) இருக்காங்க, நீங்க இங்க ஊர்ல இருக்கீங்க, அங்க போய் நிரந்தரமா சேர்ந்து வாழணும்னா அதுக்கான வழி ஸ்பவுஸ் ஸ்பான்சர்ஷிப், அதாவது அவர் பொறுப்பேத்துக்கிட்டு ஸ்பான்சரா உங்களைக் கூப்பிடறது. எங்க ஃபைலை நானும் எங்க வீட்டுக்காரரும் ஏஜென்ட் வைக்காம நாங்களே போட்டோம், இப்ப ஒன்டாரியோல ஒண்ணா இருக்கோம். இங்கிலீஷ்ல ஃபார்ம் படிச்சுப் புரிஞ்சுக்க முடியும், உக்காந்து பொறுமையா பேப்பர் சேர்க்க முடியும்னா நீங்களும் பண்ணலாம். ஆள் வச்சுத்தான் பண்ணணும்னா கனடால லைசன்ஸ் இருக்கற வக்கீலோ கன்சல்டன்ட்டோ மட்டும் பாருங்க, மத்தவங்க காசு வாங்கிட்டு இந்த ஃபைலைப் போடறதே அந்த ஊர்ச் சட்டப்படி தப்பு. கியூபெக் மாநிலத்துக்கு நடைமுறை வேற, அது இந்த போஸ்ட்ல இல்ல.

முதல்ல ஒண்ணு பாத்துக்கோங்க

ஃபார்ம் டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. அவர் பி.ஆர் வாங்கி முதல் தடவை கனடால இறங்கின தேதி என்ன, நம்ம கல்யாணம் சட்டப்படி நடந்த தேதி என்ன? கல்யாணம் முன்னாடி நடந்திருந்து, அதை அவர் தன்னோட பி.ஆர் ஃபைல்ல சொல்லாம இறங்கியிருந்தார்னா உங்களை ஸ்பான்சர் பண்ண முடியாம போயிடும், அவங்க இமிக்ரேஷன் விதி 117(9)(d) சொல்றது இதுதான். சில பேருக்கு விதிவிலக்கு இருக்கு, ஆனா எக்ஸ்பிரஸ் என்ட்ரில (படிப்பு, வேலை அனுபவத்துக்குப் புள்ளி போட்டு எடுக்கற வழி) வந்தவங்களுக்கு அது உதவாது. நம்ம ஊர்ல இது எப்படி நடக்குதுன்னா, பையனுக்கு பி.ஆர் வர்ற நேரம்னு தெரியும், "பதிவு மட்டும் இப்பப் பண்ணிடலாம், விசேஷத்தை ஆவணில வச்சுக்கலாம்"னு ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் நல்ல மனசோடதான் பேசி முடிப்பாங்க. அந்தப் பதிவு நாள்லேர்ந்தே நீங்க அவரோட மனைவி, தாலி கட்டலைன்னாலும். நிச்சயம் ஆகி கல்யாணம் நடக்கப்போற வீடுகள்ல இதைப் படிக்கறவங்க இருந்தா தயவுசெஞ்சு இதை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புங்க, பதிவு பண்ணிட்டீங்கன்னா அவர் இறங்கறதுக்கு முன்னாடி கனடா இமிக்ரேஷனுக்குக் கட்டாயம் தெரியப்படுத்தணும்.

மத்த தகுதியெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். ஸ்பான்சருக்கு 18 வயசு ஆகியிருக்கணும், பி.ஆர்னா கனடாலயே குடியிருக்கணும், அரசு உதவித்தொகைல வாழக்கூடாது (உடல் ஊனத்துக்காக வாங்கறது பரவாயில்ல), அவரே ஒருத்தரோட கணவரா ஸ்பான்சர் ஆகி வந்தவர்னா பி.ஆர் ஆகி 5 வருஷம் முடிஞ்சிருக்கணும். மனைவியை மட்டும் கூப்பிடும்போது பொதுவா இவ்வளவு சம்பளம் இருக்கணும்னு கணக்கு கிடையாது. நிச்சயம் மட்டும் ஆனவங்களை ஸ்பான்சர் பண்ண முடியாது. வீடியோ கால்லயோ, ஆள் இல்லாமலோ நடந்த கல்யாணத்தை 2015 ஜூன்லேர்ந்து ஏத்துக்கறதில்ல, ரெண்டு பேரும் நேர்ல இருந்திருக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழற ஜோடிகளுக்கும் கனடா இதே உரிமையைக் கொடுக்குது. நம்ம சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபர்ல அந்தக் கல்யாணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்துட்டதால, இங்க பதிவு பண்ண வழியில்லாதவங்களுக்கு காமன் லா (12 மாசம் சேர்ந்து வாழ்ந்தது) இல்ல கான்ஜுகல் பார்ட்னர் (தடை இருக்கறதால சேர்ந்து வாழவோ கல்யாணம் பண்ணவோ முடியாத துணை)ங்கற பிரிவு இருக்கு. பேப்பர் அதிகம் கேப்பாங்க, ஆனா வழி இருக்கு.

பேர் விஷயம்: இங்க நிதானமா வாங்க

எங்க ஃபைல்ல அதிக நேரம் தின்னது இதுதான். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல், இதை அவங்க ஃபார்ம் எதிர்பாக்கறதே இல்ல. க. மலர்விழின்னு ஒரு பொண்ணுன்னு வச்சுக்குவோம், அப்பா கண்ணன். டிகிரி சர்டிபிகேட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல பின்னாடி இருக்கும், பாஸ்போர்ட்ல கிவன் நேம்ல "மலர்விழி கண்ணன்"னு முழுசா இருக்கும், சர்நேம் காலியா இருக்கும், கல்யாண சர்டிபிகேட்ல வெறும் மலர்விழி, தந்தை பெயர் கண்ணன். நாலும் ஒரே ஆள்னு நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காந்திருக்கற ஆபீசருக்கு எப்படித் தெரியும்?

பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா, கனடா ஃபார்ம்ல முழுப் பேரையும் ஃபேமிலி நேம் கட்டத்துல போட்டுட்டு கிவன் நேமைக் காலியா விடணும், கனடா இமிக்ரேஷனோட கைட்லயே அப்படித்தான் சொல்லியிருக்காங்க. சரியா இருக்காதேன்னு நீங்களா பிரிச்சுப் போடாதீங்க, பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. ஆனா அப்படி வர்ற பி.ஆர் கார்டுல உங்களுக்கு முதல் பேரே இருக்காது, அப்புறம் பேங்க், வேலைன்னு எந்த அப்ளிகேஷன் போட்டாலும் முதல் பேர் கட்டாயம்னு நிக்கும். அதனால என் கருத்து, அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட் சேவால ரீஇஷ்யூ போட்டு, சர்நேம் கட்டத்துல அப்பா பேரை (இல்ல உங்களுக்குப் பிடிச்ச மாதிரி) பிரிச்சு வாங்கிடுங்க. கொஞ்ச நாள் தள்ளிப்போகும், போகட்டும். ஃபைல் ஓடிட்டு இருக்கும்போது நடுவுல பேர் மாத்தறது மட்டும் வேண்டாம், மாமியார் வீட்டுல கணவர் பேரைச் சேர்க்கச் சொன்னாலும் போய் இறங்கினதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லுங்க.

மீதி வித்தியாசங்களுக்கு நோட்டரி கிட்ட எல்லாப் பேரும் ஒரே ஆளைத்தான் குறிக்குதுன்னு ஒரு அஃபிடவிட் போட்டு வாங்குங்க, ஃபார்ம்ல வேற பேர் பயன்படுத்தியிருக்கீங்களான்னு கேக்கற இடத்துல எல்லா வடிவத்தையும் எழுதுங்க.

கல்யாணப் பதிவு

மண்டபத்துல குடுத்த ரசீது, கோயில்ல குடுத்த சீட்டு எதுவும் போதாது, சார்பதிவாளர் ஆபீஸ் சர்டிபிகேட் வேணும். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், 150 நாள் வரைக்கும் கூடுதல் ஃபீஸ் கட்டிப் பண்ணலாம். மாப்பிள்ளை ஊர்ல இருக்கும்போதே முடிச்சுடுங்க, அவர் கையெழுத்துக்காக மறுபடி லீவு போட்டு வரவைக்காதீங்க. சர்டிபிகேட் கைக்கு வந்ததும் அந்த ஆபீஸ் வாசல்லயே நின்னு ஸ்பெல்லிங் எல்லாத்தையும் பாஸ்போர்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஃபார்ம்

அப்ளிகேஷன் ஆன்லைன்லதான், கனடா இமிக்ரேஷனோட பி.ஆர் போர்ட்டல்ல. அக்கவுன்ட் உங்க பேர்ல, அதாவது போகப்போறவங்க பேர்ல. சிலது போர்ட்டல்லயே நிரப்பறது (பொது விண்ணப்பம் 0008, உங்க பின்னணி விவரம் 5669, குடும்ப விவரம் 5406), சிலது பி.டி.எஃப் நிரப்பி ஏத்தறது (ஸ்பான்சரோட விண்ணப்பம் 1344, உங்க உறவைப் பத்தின 5532, 5533 செக்லிஸ்ட்). பி.டி.எஃபை ப்ரௌசர்ல திறந்தா "ப்ளீஸ் வெயிட்"னு ஒரு பக்கம் மட்டும் காட்டிட்டு நிக்கும், ஃபைல் கெட்டுப்போகல, டவுன்லோட் பண்ணி கம்ப்யூட்டர்ல அடோபி ரீடர்ல திறங்க. ஃபோன்ல முயற்சியே வேண்டாம். பி.டி.எஃப் ஒண்ணு சேக்கற, சுருக்கற வெப்சைட்ல எல்லாம் பாஸ்போர்ட்டை ஏத்தறதும் எனக்குப் பிடிக்காது, நம்ம மொத்த ஜாதகமும் அதுல இருக்கு, கம்ப்யூட்டர்லயே ஓடற சாஃப்ட்வேர் பயன்படுத்துங்க.

5669-ல கடைசி 10 வருஷம் (இல்ல 18 வயசுலேர்ந்து) என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு ஒரு மாசம்கூட விடாம எழுதணும். படிப்பு முடிச்சு டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிச்சுட்டு வீட்டுல இருந்த காலம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு வேலையை விட்ட காலம், எல்லாம் வரணும். வேலையில்லன்னு எழுதறதுல ஒரு குறையும் இல்ல, காலியா விடறதுதான் பிரச்சனை. வீட்டு அட்ரஸும் அதே மாதிரி, ஹாஸ்டல், பி.ஜி உட்பட. முதல்ல ஒரு எக்ஸெல் ஷீட்ல மாசவாரியா போட்டு வச்சுட்டு அப்புறம் ஃபார்முக்கு வாங்க.

5532, நம்ம கதையைச் சொல்ற ஃபார்ம்

இதுதான் உயிர். கல்யாணம் உண்மையானதா, விசாவுக்காக மட்டும் பண்ணதான்னு ஆபீசர் முடிவு பண்றது பெரும்பாலும் இதையும் ஆதாரத்தையும் வச்சுத்தான். எப்படிச் சந்திச்சீங்க, குடும்பத்துக்குத் தெரியுமா, விசேஷத்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு கேப்பாங்க.

நம்மள்ல நிறைய பேருக்கு வீட்டுல பாத்து வச்ச கல்யாணம். ரெண்டு தடவை நேர்ல பாத்து மூணாவது தடவை மணவறைல உக்காந்தவங்க இருக்காங்க. வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு அது அவசரக் கல்யாணமாத் தெரியலாம், அதனால நீங்கதான் விளக்கணும். ஜாதகம் யார் மூலமா வந்தது, பெண் பாக்க யார் யார் வந்தாங்க, அதுக்கப்புறம் தினமும் ஃபோன்ல பேச ஆரம்பிச்சது எப்ப, நிச்சயதார்த்தத்துல தட்டு மாத்தினது யார், முகூர்த்தம் ஏன் அந்த மாசம் வச்சாங்க, ஆடில ஏன் வைக்கல, இப்படி வரிசையா. காதல் கல்யாணம் மாதிரி சினிமா வசனம் சேர்க்க வேண்டாம், நடந்ததைச் சொன்னாலே அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. மாமன் மகன், அத்தை மகள்னு சொந்தத்துல கட்டினவங்க அதை மறைக்காதீங்க. கனடாவோட 1990 சட்டப்படி நேரடி பரம்பரை (பெத்தவங்க, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க), கூடப்பிறந்தவங்க, இவங்களுக்குள்ளதான் தடை, முறைமாமன் கல்யாணம் அதுல வராது. மறைச்சாத்தான் வம்பு, ரெண்டு பேரோட தாத்தா பாட்டி பேர் ஒண்ணா இருக்கறது எங்கயாவது தெரிஞ்சுடும்.

போட்டோ 20 வரைக்கும், சாட் மாதிரி ஆதாரம் 10 பக்கம் வரைக்கும். 20 போட்டோவையும் மணமேடைலயே எடுத்ததா போடாதீங்க. நிச்சயம், தாலி கட்டறது, மறுவீடு, அவர் மறுபடி ஊருக்கு வந்தது, குலதெய்வம் கோயில், தலை தீபாவளி, ரெண்டு குடும்பமும் ஒண்ணா நிக்கறதுன்னு காலம் தெரியற மாதிரி பொறுக்குங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ தேதி, இடம், யார் யார்னு எழுதுங்க. வாட்ஸ்அப்புக்கு எக்ஸ்போர்ட் ஃபைலை விட தேதி தெரியற ஸ்கிரீன்ஷாட் நல்லது, வேற வேற மாசத்துலேர்ந்து எடுங்க. பத்திரிகை, தமிழ் சாட் எல்லாத்துக்கும் மொழிபெயர்ப்பு வேணும், குடும்பத்துல யாரும் பண்ணக்கூடாது, உங்க அண்ணன் வக்கீலா இருந்தாலும். இங்க மொழிபெயர்க்கறவங்க கிட்ட அஃபிடவிட்டும் சேர்த்து வாங்குங்க.

பணம், கைரேகை, மெடிக்கல்

2024 ஏப்ரல் 30-ல வந்த ரேட்படி ஸ்பான்சர் ஃபீஸ் 85, பிராசஸிங் 545, பி.ஆர் உரிமை ஃபீஸ் 575, மொத்தம் 1205 கனடா டாலரா இருந்துச்சு, பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, போட்டோ) 85 தனி. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை ஏத்தறாங்க, கட்டற அன்னிக்கு கனடா இமிக்ரேஷன் சைட்ல பாத்துக் கட்டுங்க. பயோமெட்ரிக்ஸ் லெட்டர் வந்தா 30 நாளுக்குள்ள கொடுக்கணும். மெடிக்கலுக்கு அவங்க லிஸ்ட்ல இருக்கற டாக்டர்கிட்ட மட்டும்தான், லெட்டர் வந்ததுக்கு அப்புறம் போங்க. போலீஸ் சர்டிபிகேட் பாஸ்போர்ட் சேவாலேர்ந்து, 500 ரூபாய். துபாய், சிங்கப்பூர்னு 10 வருஷத்துக்குள்ள தொடர்ந்து 6 மாசம் இருந்த நாடு எதுவா இருந்தாலும் அங்கேர்ந்தும் வேணும், அதுக்குத்தான் நிறைய நாள் ஆகும், முதல்லயே ஆரம்பிங்க.

ஏறும்போது

நகையைப் பத்தி யாரும் சொல்றதில்ல, நான் சொல்றேன். நீங்க கொண்டு போற பொருளுக்கும், பின்னாடி வரப்போற பொருளுக்கும் தனித்தனியா லிஸ்ட் எழுதி, இறங்கும்போது கனடா ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்ல கொடுக்கணும். நகையை ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து, மதிப்பீட்டுச் சீட்டும் வாங்கி வையுங்க. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அம்மா கிட்ட இருக்கற உங்க ஆரத்தைக் கொண்டு போகணும்னா, அது முதல்ல இறங்கற அன்னிக்கே கொடுக்கற "பின்னாடி வரும்" லிஸ்ட்ல இருந்தாத்தான் வரியில்லாம போகும். ஒரே பொருள் 10,000 டாலருக்கு மேலன்னா மிச்சத்துக்கு வரி உண்டு, 10,000 டாலர் இல்ல அதுக்கு மேல ரொக்கம்னா சொல்லியே ஆகணும்.

பொண்ணுங்களுக்கு

2017 ஏப்ரல்லேர்ந்து, பி.ஆர் நிலைக்கணும்னா 2 வருஷம் சேர்ந்து வாழ்ந்தே ஆகணும்ங்கற நிபந்தனை கிடையாது. உண்மையான கல்யாணம் பண்ணி முறையா இறங்கிட்டீங்கன்னா அந்த பி.ஆர் உங்களோடது. "நான் நினைச்சா உன்னைத் திருப்பி அனுப்பிடுவேன்"னு யாராவது மிரட்டினா அது பொய், ஒரு ஸ்பான்சருக்கு அந்த அதிகாரம் இல்ல. 3 வருஷம் உங்களைப் பாத்துக்கறேன்னு அவர் அரசுக்குக் கொடுத்த வாக்கு, பிரிஞ்சாலும் அவரைத்தான் கட்டுப்படுத்தும். உங்க பாஸ்போர்ட்டும் பி.ஆர் கார்டும் உங்க கைல இருக்கட்டும்.

அப்டேட்: காத்திருக்கற நேரத்துல விசிட்டர் விசால போகலாமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. போகலாம், பி.ஆர் ஃபைல் இருக்கறதே விசிட் விசாவுக்குத் தடை இல்ல, ஆனா கொடுத்த நாள் முடிஞ்சா திரும்பிடுவேன்னு ஆபீசர் நம்பணும். போய் அங்கயே இருந்துட்டு உள்நாட்டுப் பிரிவுல போடறதை விட, வெளிநாட்டுப் பிரிவுல போடறதுதான் எனக்குச் சரியாப் படுது, மறுத்துட்டா ஸ்பான்சர் அப்பீல் போற உரிமை அதுலதான் இருக்கு, நடுவுல ஊருக்கு வந்து போறதுக்கும் பயமில்ல.

இன்னொரு அப்டேட்: இறங்கின உடனே பிரசவத்துக்காக ஊருக்கு வரணும்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. வரலாம்மா, 5 வருஷத்துல 730 நாள் கனடால இருந்தாப் போதும். ஆனா பி.ஆர் கார்டு கைக்கு வந்ததுக்கு அப்புறம் கிளம்புங்க, கார்டு இல்லாம திரும்பி வரும்போது ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்க, அப்புறம் அதுக்குன்னு டிராவல் டாக்குமென்ட் தனியா அப்ளை பண்ணிக் கைக்குழந்தையோட காத்திருக்கணும். இறங்கி 180 நாளுக்குள்ள கனடா அட்ரஸ் கொடுத்துட்டா முதல் கார்டு ஃப்ரீ, அதனால அட்ரஸை இறங்கின அன்னிக்கே கொடுத்துடுங்க.