தோட்டத்துப் பிள்ளைய கேன்சர் ரிசர்ச்சுக்கு எப்படி தயார் பண்றது
மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்பிஎம் (அஞ்சாம் படிவ பரீட்சை) முடிச்ச தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு சயின்ஸ்னா டாக்டர் வேலை மட்டும்தான் தெரியும், அதனால முதல்ல அப்பா அம்மாகிட்ட உட்கார்ந்து பேசுங்க, எஸ்டிபிஎம் இல்லனா மெட்ரிகுலேஷன் (ரெண்டும் யூனிவர்சிட்டிக்கு முன்னாடி படிக்கிறது), அப்புறம் டிகிரி, மாஸ்டர்ஸ், பிஎச்டினு வருஷக்கணக்கா இழுக்கும், சம்பளம் லேட்டாதான் வரும்னு ஒளிக்காம சொல்லிடுங்க.

லேப்புக்கு வந்ததும் பெரிய ப்ராஜெக்ட்டு வேணாம் லா, செல் வளர்க்க விடுங்க. செல் வளர்ற பெட்டி, அதான் இன்குபேட்டர், 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம். செல்லுக்கு சாப்பாடா ஊத்துற திரவம், அதான் மீடியம், சிவப்புல இருந்து மஞ்சளாச்சுனா அமிலம் கூடிருச்சு, செல் நெருக்கிருச்சா, பாக்டீரியா பூந்துருச்சா, மைக்ரோஸ்கோப்ல பாத்து நீயே சொல்லுனு விட்டுடுங்க. மைக்கோப்ளாஸ்மாங்கற குட்டி பாக்டீரியாதான் திருட்டுப்பய, கலங்கலே தெரியாது, டெஸ்ட் பண்ணியே ஆகணும். 1951ல ஒரு கேன்சர் நோயாளிகிட்ட இருந்து எடுத்த ஹீலா செல் மத்த செல்லோட கலந்து பல பேரோட ஆராய்ச்சி வீணான கதைய சொல்லுங்க, லேபிள் ஒழுங்கா எழுதுவாங்க.

நோட்புக்க வாராவாரம் பாருங்க, சொதப்பின எக்ஸ்பிரிமெண்ட்டும் அதுல இருக்கணும், இருந்தா திட்டாதீங்க. இங்கிலீஷ்ல பேச கூச்சப்படுற பிள்ளைக்கு மீட்டிங்ல ஒரே ஒரு கிராஃப் மட்டும் கொடுத்து விளக்க சொல்லுங்க. ஆராய்ச்சி பேப்பர்ல யார் பேரு முன்னாடி வரும்ங்கறத வேலை ஆரம்பிக்கும்போதே பேசிடுங்க, கடைசில பேசுனா சண்டைதான்.